கடல்பனியை நேரில் போயும் அளந்திருக்கிறார்கள்

துருவக் கடல்பனி அளவெல்லாம் வெறும் செயற்கைக்கோள் கணக்கு, நேரில் யாரும் சரிபார்த்ததில்லை என்ற செய்தி நம் கடலூர் குழுக்களில் சுற்றுகிறது. அது சரியில்லைங்க. 2019 அக்டோபரிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு, போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் ஆர்க்டிக் பனியோடு சேர்ந்து மிதந்தது. ஆய்வாளர்கள் பனியில் துளை போட்டு, நுனியில் குறுக்குக்கம்பி கட்டிய அளவுநாடாவை இறக்கினார்கள். கம்பி அடிப்பக்கத்தில் மாட்டியதும் தடிமன் தெரிந்துவிடும். மேலே படிந்த வெண்பனியைத் தனியாக அளந்தார்கள். செயற்கைக்கோள் தடிமன் கணக்கு தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். செயற்கைக்கோள் உதவியோடு வரும் புயல் எச்சரிக்கையை நம்பிப் படகைக் கரையேற்றும் ஊர் நம்முடையது, அதனால்தான் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சந்தேகம் இருந்தால் 'பாங்கேயா' தரவுக் களஞ்சியத்தில் அந்தக் கப்பல் பயணத்தின் பெயரான 'மொசைக்' (MOSAiC) என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். அந்தப் பயணத்தின் கள அளவீடுகள் இலவசமாகவே கிடைக்கும்.