காலங்காலமா என்றால் எந்தக் காலம்?

"இது காலங்காலமா இருக்குற ஊர்க்கட்டுப்பாடு, மாத்த முடியாது" என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த வருசத்துல இருந்துண்ணே?" என்று கேட்டுவிடுவேன். முறைப்பார்களே தவிர பதில் வராது. (பங்காளி வீட்டு விசேஷத்தில் கேட்டுத் தொலைத்தால் சாப்பாடும் வராது.)

எந்தக் கட்டுப்பாடும் யாரோ போட்டதுதான். போட்டவர் பெயர் மறந்துபோனதும் மரபு ஆகிவிடுகிறது.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வாடிவாசலில் மைக் பிடித்தவர் கத்துவதைக் கேளுங்கள். "வாலைப் பிடிக்காத! கொம்பைப் பிடிக்காத! ஒரு ஆள் மட்டும் அணை!" ரெண்டு பேர் சேர்ந்து திமிலில் தொத்தினால் பரிசு கிடையாது. களத்தில் நிற்கிற பையனுக்கு எல்லாமே பாட்டன் காலத்து முறைதான். ஆனால் ரெட்டைத் தடுப்பு, மாட்டுக்கும் ஆளுக்கும் டாக்டர் சோதனை எல்லாம் 2009 சட்டம், கோர்ட் வழக்கு என்று அலைந்தபோது இறுகியவை. இப்போது டோக்கனே ஆன்லைனில். ஒருத்தரும் மரபு கெட்டுப்போச்சு என்று அழவில்லை.

அதற்காகச் சட்டம் போட்டால் ஊர் மாறிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள். ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் மனுத்தாக்கல் செய்ய ஆள் வராது. வந்தாலும், ஜெயித்த கையோடு ராஜினாமா. காகிதத்தில் எல்லாம் சரி, நாற்காலி மட்டும் காலி. பத்து வருசம் இதே கதை. 2006-ல் உதயசந்திரன் கலெக்டராக இருந்தபோது ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது.

இதற்கு நேர்மாறாகவும் மதுரையில் நடந்திருக்கிறது. 1939 ஜூலை 8. காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர், கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அன்றைக்குச் சட்டம் அவர்களுக்குத் துணையில்லை. நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடுவும் தடுக்கவில்லை. அதற்கப்புறம்தான் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, உள்ளே போனவர்களையும் விட்டவர்களையும் வழக்கிலிருந்து காப்பாற்றியது. முதலில் நடை, பிறகு சட்டம்.

அந்தக் கோயிலில் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்து, "எங்க ஊர்க் கோயிலுக்குள்ள மட்டும் அந்தத் தெருக்காரங்க வரக்கூடாது, அது மரபு" என்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் சட்டம் பேசுவதில்லை. அந்த மரபைப் போட்ட கூட்டத்தில் அந்தத் தெருக்காரர் ஒருத்தராவது உட்கார்ந்திருந்தாரா என்று மட்டும் கேட்கிறேன்.