கியோட்டோவுல ஒரு நாள குறைச்சுட்டு குமானோ போங்க

ஜப்பான் வர்றோம், பிளான் போட்டுக் குடுங்கன்னு இன்பாக்ஸ்ல கேக்குறவங்க எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. எல்லாரோட லிஸ்டும் ஒண்ணு தான். டோக்கியோ, ஃபுஜி மலை, கியோட்டோ, நாரா, ஒசாகா. தப்பே இல்ல, நானும் அத எல்லாம் பாத்தவ தான். ஆனா நகோயாவுல குடியிருந்துட்டு, லீவு கிடைக்கிறப்பல்லாம் நான் திரும்பத் திரும்பப் போற இடம் அந்த லிஸ்ட்ல யார்கிட்டயும் இல்ல. கீ தீபகற்பம். அதுலயும் தெக்கு ஓரத்துல இருக்கிற குமானோ. அதுக்கு 3 ராத்திரி ஒதுக்குங்க, இல்லன்னா போகவே வேண்டாம். இத நான் சும்மா சொல்லல, முதல் தடவை நான் போனதே ஒரு ஒருநாள் பஸ் டூர்ல தான். விடியக்காலைல கிளப்பி, மணிக்கணக்கா பஸ்ல உக்கார வச்சு, நாச்சி அருவி முன்னாடி 40 நிமிஷம் விட்டாங்க. செவப்பு பகோடா, பின்னாடி வெள்ளையா அருவி, எல்லாரும் அதே இடத்துல நின்னு அதே போட்டோ. திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்கு மனசே ஆறல. இவ்வளவு தூரம் வந்து எதையோ பாக்காமப் போறோம்னு மட்டும் தெரிஞ்சுது.

மேப்ப எடுத்துப் பாருங்க. ஒசாகாவுக்கும் நகோயாவுக்கும் கீழ பசிபிக் கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கும் அந்தத் தீபகற்பம். சமவெளின்னு சொல்லிக்க பெருசா எதுவும் கிடையாது. மலை நேரா கடலுக்குள்ள இறங்குது, இடையில கொஞ்சூண்டு எடம் இருந்தா அதுல ஒரு ஊரு, ஒரு படகுத்துறை, அவ்வளவு தான். தெக்கேர்ந்து வர்ற குரோஷியோங்கிற வெதுவெதுப்பான நீரோட்டம் கரைய ஒட்டியே ஓடுது, அந்தக் கடல் மேல ஈரத்த சுமந்துட்டு வர்ற காத்து நேரா மலையில முட்டுது, முட்டி மேல ஏறி அப்படியே மழையா கொட்டுது. ஓவாசேங்கிற ஊர்ல வருஷத்துக்கு சராசரியா 4000 மில்லிமீட்டர் கிட்ட மழை. அதனால கிளைமேட் பாத்து தேதி மாத்தாதீங்க, சாதாரண மழைன்னா குடைய எடுத்துட்டுப் போங்க. புயல் வருதுன்னு எச்சரிக்கை குடுத்தா மட்டும் கண்டிப்பா தள்ளிப் போடுங்க, அதுல வெளையாட வேண்டாம். ஏன்னு கீழ சொல்றேன்.

போன வருஷம் ஏப்ரல்ல அம்மா அம்பாசமுத்திரத்துலேர்ந்து வந்திருந்தாங்க. அறுபத்தஞ்சு வயசு, சுத்த சைவம், முட்டி வலி. இந்த மூணும் வச்சுக்கிட்டு இந்த ஊருக்கு கூட்டிட்டுப் போறியான்னு எல்லாரும் கேட்டாங்க. கூட்டிட்டுப் போனேன், அதனால தான் தைரியமா எழுதுறேன்.

நகோயாவுலேர்ந்து நாங்கி எக்ஸ்பிரஸ். கடலோரமா உக்காருங்க, போகும்போது இடது பக்கம். ஓவாசே தாண்டுனதும் ஒரு மாதிரி ஆரம்பிக்கும் பாருங்க, சுரங்கம், வெளிச்சம், ஒரு சின்ன வளைகுடா, நாலு படகு, பத்து வீடு, மறுபடி சுரங்கம், மறுபடி இன்னொரு வளைகுடா. ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் கூட கண்ணுல நிக்காது. இந்த லைன் முழுசா இணைஞ்சதே 1959ல தான், அது வரைக்கும் இந்த ஊர்க்காரங்க பக்கத்து வளைகுடாவுக்குப் போகணும்னா மலை ஏறி இறங்கணும், இல்ல படகு. அந்த மலை ஏறுன பாதைகள்ல ஒண்ணு தான் இன்னிக்கு குமானோ கொதோன்னு உலகமே வந்து நடக்கிற யாத்திரைப் பாதையோட ஒரு கிளை. மழையில மண்ணு அடிச்சுட்டுப் போயிடக் கூடாதுன்னு மலை முழுக்க கல்லு பாவி வச்சிருக்காங்க, அந்தக் கல்லு மேல பாசி புடிச்சு பச்சையா கிடக்கும். 2004ல யுனெஸ்கோ இந்த மலைகளோட கோயில்களையும் பாதைகளையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க.

முட்டி வலிக்காரங்க பயப்பட வேண்டாம், பாதை முழுக்க நடக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. யாத்திரை போய்ச் சேர்ற ஹோங்கூ கோயில் வரைக்கும் பஸ்ல போயி, அங்கேர்ந்து இன்னொரு பஸ்ல ஹொஷின்மோன்-ஓஜிங்கிற இடத்துக்கு ஏறிட்டா, அங்கேர்ந்து ஹோங்கூவுக்குத் திரும்பி நடக்க 7 கிலோமீட்டர், பெரும்பாலும் எறக்கம். காட்டு வழி, நடுவுல தேயிலைச் செடி, வீட்டு வாசல்ல ஆளில்லாத கடை. ஒரு பலகையில ஊறுகாய் பாக்கெட் அடுக்கி வச்சிருக்கும், பக்கத்துல காசு போட ஒரு டப்பா. அம்மா அங்க வாங்குனது உமேபோஷி, உமேங்கிற புளிப்புக் காய உப்புல போட்ட ஊறுகாய். இந்த வாகாயாமா மாநிலத்துல தான் ஜப்பானோட உமே காயில பாதிக்கு மேல விளையுது. வாயில போட்டதும் அம்மா கண்ண இறுக்கி மூடிட்டு, "ஏட்டி, இது நம்ம மாவடுல்லா"ன்னாங்க. அடுத்த மூணு நாளும் வெறுஞ்சோறும் அதுவும் வச்சே ஓட்டிட்டாங்க. சைவக்காரங்க கவனத்துக்கு, மெஹாரி-சூஷின்னு ஊறப்போட்ட கடுகுக்கீரை இலையில சுத்துன சோத்து உருண்டை எல்லா இடத்துலயும் கிடைக்கும், ஆனா மீன் சாறு சேர்த்திருக்காங்களான்னு கேட்டுட்டு வாங்குங்க.

அந்தப் பாதையில ஃபுஷியோகாமின்னு ஒரு இடம் வரும். விழுந்து கும்பிடுற இடம்னு அர்த்தம். வாரக்கணக்கா நடந்து வந்தவங்களுக்கு ஹோங்கூ கோயில் முதல் முதலா தூரத்துல தெரிஞ்சது அங்கேர்ந்து தான், பாத்ததும் அங்கயே தரையில விழுந்திருக்காங்க. ஆனா அவங்க பாத்த கோயில் இப்ப அந்த இடத்துல இல்ல. மூணு ஆறு கூடுற மணல் திட்டுல இருந்துச்சு அது. 1889 ஆகஸ்ட்ல மழை கொட்டி வெள்ளம் வந்து பெரும்பகுதிய அடிச்சுட்டுப் போயிடுச்சு, மிஞ்சுனத 1891ல மேட்டுக்கு மாத்தினாங்க. அதே வெள்ளத்துல மேல இருந்த தொத்சுகாவா ஊரே நாசமாகி, அந்த ஜனங்கள்ல 2500 பேர் கிட்ட ஊர விட்டுட்டு வடக்கே ஹொக்காய்தோ வரைக்கும் போயி புதுசா ஒரு ஊர் அமைச்சுக்கிட்டாங்க. இப்ப அந்த மணல் திட்டுல 33.9 மீட்டர் உயரத்துக்கு ஒரு தோரீ, அதாவது ஷிண்டோ கோயிலோட நுழைவு வாசல், நிக்குது, 2000ல கட்டுனது. அதத் தாண்டி உள்ள போனா கட்டடம் எதுவும் பெருசா கிடையாது, புல்லு, மரம், ரெண்டு சின்னக் கல் மாடம். வந்தவங்க நிறையப் பேர் தோரீய போட்டோ எடுத்துட்டு வாசலோட திரும்பிடறாங்க. உள்ள போங்க, தயவு செஞ்சு. ஒரு ஆறு ஒரு கோயில எடுத்துக்கிட்ட இடம் அது, எவ்வளவு அமைதியா இருக்கும் தெரியுமா.

ராத்திரி யுனோமினேல தங்குனோம், மலைக்கு நடுவுல ஒரு ஓடை, ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன விடுதி, ஊர் பூரா கந்தக வாசனை. ஓடைக்குள்ளயே ஒரு தொட்டி கட்டி வச்சிருக்காங்க, 90 டிகிரி கிட்ட கொதிக்கிற ஊத்துத் தண்ணி. கடையில சீனிக்கிழங்கு, முட்டை எல்லாம் வலைப்பையில போட்டு விக்கிறாங்க, வாங்கி அந்தத் தண்ணியில தொங்க விட்டுட வேண்டியது தான். அம்மா அந்தக் கயித்தக் கையில புடிச்சுக்கிட்டே ஓடைக்கரையில உக்காந்துட்டாங்க, பக்கத்துல ஒரு ஜப்பான் பாட்டி, அவங்க கையிலயும் ஒரு கயிறு. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடையாது. பாட்டி கிழங்க ஒரு குச்சியால குத்திப் பாத்து, இன்னும் வேகலன்னு தலைய ஆட்டுனாங்க, அம்மாவும் தன்னோடத குத்திப் பாத்து அதே மாதிரி தலைய ஆட்டுனாங்க. வெந்ததும் ஆளுக்குப் பாதி மாத்திக்கிட்டாங்க. எல்லார் முன்னாடியும் துணியில்லாம குளிக்க சங்கடப்படுற அம்மாக்களுக்கு இந்த ஊர் தான் சரி, த்சுபோயுன்னு ஓடை நடுவுல ஒரு சின்ன மரக் குடிசை, ஒரு தடவைக்கு ரெண்டு மூணு பேர், 30 நிமிஷம், உள்ள நீங்க மட்டும் தான். உலகப் பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிற ஒரு இடத்துக்குள்ளயே இறங்கிக் குளிக்கலாம்.

மறுநாள் நாச்சி. மழை விடவே இல்ல. பஸ் அருவி வாசல் வரைக்கும் போகும், முடிஞ்சவங்க மட்டும் தாய்மோன்சாகால இறங்கி 267 கல் படி ஏறுங்க, ரெண்டு பக்கமும் நிக்கிற தேவதாரு மரங்களுக்காகவே ஏறலாம். அருவி 133 மீட்டர், ஒரே பாய்ச்சல். அதுக்கு முன்னாடி தோரீ இருக்கு, பூசை நடக்குது, ஆனா கருவறை கிடையாது. அம்மா சுத்திப் பாத்துட்டு "சாமி எங்கன இருக்காவ?"ன்னு கேட்டாங்க. அருவி தாம்மா சாமி, மேல பாருங்க, உச்சியில கயிறு கட்டியிருக்காங்கன்னு காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல, குனிஞ்சு ஷூவ கழட்டி ஓரமா வச்சுட்டு, அந்த ஈரக் கல்லுல வெறுங்கால்ல நின்னாங்க. பாபநாசத்துல அகத்தியர் அருவிக்கு முன்னாடி நிக்கிற மாதிரியே. கருவறை இல்லாத சாமிய நான் இன்னொரு விளக்கம் குடுத்துப் புரிய வைக்க வேண்டிய அவசியமே வரல.

மேல பக்கத்துல இருக்கிற செய்கான்தோஜி புத்த கோயில். கன்னோன் தெய்வத்தோட 33 கோயில் யாத்திரை இங்கேர்ந்து தான் ஆரம்பிக்குது. இந்தியாவுலேர்ந்து கடல்ல அடிச்சு வந்து கரை ஒதுங்குன ஒரு துறவி இந்த அருவியில தவம் பண்ணித் தொடங்குன இடம்னு அந்தக் கோயிலோட கதை. கதைன்னே வச்சுக்குவோம். ஆனா கீழ கடற்கரையில இருக்கிறது கதை இல்ல, அதுக்காகத் தான் இந்தப் பதிவையே எழுத ஆரம்பிச்சேன்.

டூர் பஸ் நிக்காத இடம் அது. நாச்சி ஸ்டேஷன்ல இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா போதும், ஃபுதாராகுசான்ஜின்னு ஒரு சின்னக் கோயில். ஃபுதாராகுன்னா பொதலகம், புத்த மதத்துல கருணைக்குரிய போதிசத்துவரான அவலோகிதர் குடியிருக்கிற மலை. கன்னோன்னு ஜப்பான்ல சொல்றது அவரத் தான். அந்த மலை தெக்குக் கடல் பக்கம் இருக்குன்னு நம்பி, இந்தக் கரையிலேர்ந்து துறவிகள் படகுல போயிருக்காங்க. முதல் பயணம் 868ல நடந்ததா கோயில் குறிப்பு. நவம்பர்ல வாடை அடிக்கும்போது, நாலு பக்கமும் தோரீ வச்ச ஒரு சின்னப் படகு, நடுவுல பொட்டி மாதிரி ஒரு அறை, துறவி உள்ள போனதும் வெளிய ஆணி அடிச்சு மூடிடுவாங்க. 30 நாளைக்கு சாப்பாடு, வெளக்குக்கு எண்ணெய். இன்னொரு படகு இழுத்துட்டுப் போயி ஒரு தீவு கிட்ட கயித்த அறுத்து விட்டுடும். அந்தத் தீவுக்கு இன்னிக்கும் கயிறறுத்த தீவுன்னு தான் பேரு. இப்படி 20 பேர் கிட்ட போயிருக்காங்க. 16ஆம் நூற்றாண்டுல கொங்கோபோன்னு ஒருத்தர் உயிருக்குத் துடிச்சு உடைச்சுட்டு வெளிய வந்து ஒரு தீவுல ஏறிட்டார், கூட வந்தவங்களே அவரப் புடிச்சுக் கடல்ல தள்ளிட்டாங்கன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் உயிரோட யாரையும் அனுப்பல, செத்துப்போன தலைமைத் துறவிகளோட உடம்ப மட்டும் அனுப்பினாங்க. இதுல புனிதம், பக்தின்னு என்னால எதையும் லேசா சொல்லிட முடியல. அந்தப் படகோட மாதிரிய கோயில் வளாகத்துல வச்சிருக்காங்க. அந்த அறையோட அளவப் பாத்தா நெஞ்சு அடைக்குது.

ஆனா அந்த மலை எங்க? 7ஆம் நூற்றாண்டுல யுவான் சுவாங் தெக்கிந்தியாவுல மலய மலைக்குக் கிழக்க பொதலகம்னு எழுதி வச்சிருக்கார், உச்சியில ஒரு பொய்கை, அதுலேர்ந்து ஒரு ஆறு எறங்கிக் கடலுக்குப் போகுதுன்னு. அது நம்ம பொதிகை தான்னு ஆராய்ச்சியாளர்கள் பல பேர் சொல்றாங்க. அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதர்கிட்ட தான்னு 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் பாடுது. நான் பொறந்ததுலேர்ந்து மொட்டை மாடியில நின்னு பாத்த மலை. அத நோக்கித் தான் அந்தப் பொட்டிக்குள்ள உக்காந்து போயிருக்காங்க, அவங்க போன தெச பூரா பசிபிக்.

புயல்ல போகாதீங்கன்னு ஏன் சொன்னேன்னா, 2011 செப்டம்பர்ல அந்த வருஷத்தோட 12ஆம் நம்பர் புயல் இந்த நாச்சி ஆத்த ஊருக்குள்ள கொண்டு வந்துடுச்சு, மலை சரிஞ்சு நிறைய உயிர் போச்சு, ரயில் பாலமும் போச்சு. மழை இங்க அழகும் தான், ஆபத்தும் தான். அங்க இருக்கிறவங்களுக்கு அது நல்லாவே தெரியும். அப்படியும் ஊர விடாம இருக்காங்க. இளசுங்க வெளியூர் போயி வீடுங்க பூட்டிக் கிடக்குற ஊர்ல நீங்க ஒரு ராத்திரி தங்கி, ஒரு வேளை சாப்ட்டா அந்தக் காசு அங்கயே நிக்கும். பஸ்ல வந்து பஸ்லயே போனா அது கூட கிடையாது.

நாங்க போன அன்னிக்கு கோயில்ல வயசான ஒருத்தர் மட்டும் இருந்தார். எந்த ஊர்னு கேட்டார். நான் சொன்னேன், அம்மா ஊரு தெக்கிந்தியா, நீங்க ஃபுதாராகுன்னு சொல்ற மலைன்னு நிறையப் பேர் நினைக்கிற மலைக்கு அடிவாரம்னு. அவர் எந்திரிச்சு நின்னுட்டார். அம்மாவுக்கு அவ்வளவு குனிஞ்சு வணக்கம் வச்சார். அப்புறம் ரொம்பத் தயங்கி, அந்த மலை பாக்க எப்படி இருக்கும்னு அம்மாகிட்ட கேக்கச் சொன்னார்.

அம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. "விடியக்காலைல கதவத் தொறந்தா அது தான் தெரியும். உச்சியில எப்பவும் மேகம் உக்காந்திருக்கும்னு சொல்லு. மழை அங்கன பெய்யும், தண்ணி எங்களுக்கு வரும். நாங்க குளிக்கது, குடிக்கது எல்லாம் அந்தத் தண்ணி தான்னு சொல்லு."

ஒவ்வொரு வரியா மாத்திச் சொன்னேன். அவர் ஆறு இருக்கா, நெசமாவே ஆறு வருதான்னு ரெண்டு தடவை கேட்டார். வருதுன்னு அம்மா தலைய ஆட்டுனாங்க. வெளிய மழை கொஞ்சம் விட்டிருந்துச்சு, அடுத்த ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு, அவர் உள்ள போயி மூணு பேருக்கும் டீ போட்டு எடுத்துட்டு வந்தார்.