டிரா என்றாலே சலிப்பா?

செஸ்ஸில் அனுபவசாலிகள் இருவர் மோதினால் டிராவில்தான் முடியும், பார்க்கவே சலிப்பு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 2018 லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் அப்போதைய சாம்பியன் கார்ல்சனும் அவருக்குச் சவால்விட்ட கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் டிராதான், சரி. ஆனால் ஆறாவது ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். பெட்ராஃப் தற்காப்பு என்ற தொடக்க முறை, 80 நகர்வுகள். கருப்பில் ஆடிய கருவானாவிடம் கடைசியில் ஒரு குதிரை அதிகம். 68-வது நகர்வில் அவருக்கு வெற்றி இருந்ததைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது. எப்படி? பிஷப்பை எச்4 கட்டத்துக்கு நகர்த்தி, அப்புறம் குதிரையை எதிராளியின் கடைசி வரிசையில் ஜி1 கட்டத்தில் கொண்டுபோய்ச் சொருக வேண்டும்! மணிக்கணக்கில் ஆடிக் களைத்த மனிதன் எவனுக்குத் தோன்றும் அது? கார்ல்சனோ பிஷப்பை இங்குமங்கும் நகர்த்தியே தன் தற்காப்பு அரணைக் காப்பாற்றிவிட்டார். இருபது நகர்வில் கைகுலுக்கிக் கிளம்புகிறவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். இதையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.