"சின்ன சேஞ்ச்தானே தம்பி?"

மேடையில் மைக்கைப் பிடித்து "வீடியோ லேட்டானதுக்கு எடிட்டர்தான் காரணம்" என்றாரே, அவருக்கு வணக்கம். விளையாட்டு விழாவுக்கு முந்தின ராத்திரி பாட்டை மாற்றச் சொன்னது யார் என்பதையும் அதே மைக்கில் சொல்லியிருக்கலாம்.

பாட்டை மாற்றுவது சின்ன சேஞ்ச் இல்லை. டைம்லைன், அதாவது ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை, நொடிக்கு 25 ஃப்ரேம் (தனித்தனிப் படம்). பழைய பாட்டு 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 பீட்) என்றால் ஒரு பீட்டுக்குச் சரியாக 12 ஃப்ரேம். ஷாட் மாறும் கட் எல்லாம் அந்தப் பீட்டில்தான் விழுந்திருக்கும். புதுப் பாட்டு 100 பிபிஎம் என்றால் 15. நாலே பீட்டில் 12 ஃப்ரேம், கிட்டத்தட்ட அரை நொடி, கட் முந்திக்கொள்ளும். லாங் ஜம்ப் பையன் மணலில் விழுந்த பிறகுதான் டமார் என்று சத்தம் வரும். பாட்டை வேகப்படுத்திப் பொருத்தலாமே? 25 சதவீதம் கூட்டணும். பாடகரும் பந்தயத்தில் சேர்ந்துகொள்வார். அப்புறம் முதல் 'கட்'டிலிருந்து திரும்ப உட்கார வேண்டியதுதான்.

"ஏஐ இருக்கே" என்று ஒருவர் வருவார். பீட்டுக்கு மார்க்கர் போட்டுத் தரும், சரி. ரிலேயில் பேட்டன் கை மாறும் ஷாட்டைத்தான் அந்தப் பீட்டில் வைக்கணும் என்று உட்கார்ந்து முடிவெடுப்பது யார்?

அடுத்தது, "கபடி ரெய்டை ஸ்லோமோஷன் ஆக்கிடுங்க." எடுத்ததே 25 ஃப்ரேமில். கால்வாசி வேகத்துக்கு நொடிக்கு 100 ஃப்ரேம் வேணும். இல்லாத 75ஐ சாஃப்ட்வேர் கற்பனை செய்யும். கைகால் பின்னிக்கிடக்கிற இடத்தில் யாருடைய கால் யாருடையது என்று அதற்குத் தெரியாது. ரெய்டருக்கு மூன்று முட்டி முளைக்கும். 50 ஃப்ரேமில் எடுத்திருந்தால் பாதி வேகம் சுத்தமாக வரும். இதை ஷூட்டுக்கு முன்னால் சொல்லணும், முடிந்த வீடியோ எக்ஸ்போர்ட் ஆகும்போது இல்லை.

"அப்படியே ரீல்ஸுக்கும் ஒண்ணு." ரீல்ஸ் நெட்டுக்குத்தான படம், 1920 பிக்சல் அகலத்தில் அதற்குள் நிற்பது 608தான். எட்டு லேன் ஓட்டத்தில் ஜெயித்தவர் தெரிவார், தோற்றவர் தெரியமாட்டார். ஒவ்வொரு ஷாட்டையும் தனியாக நகர்த்தணும்.

"ப்ரொஃபஷனல்னா எதுக்கும் தயாரா இருக்கணும்." இருக்கிறோமே! கரெக்‌ஷனுக்கு முன்னால் சீக்வென்ஸை, அதாவது அடுக்கி முடித்த டைம்லைனை, நகல் எடுத்து வைக்கிறோம். பாட்டு, கமென்ட்ரி, மைதானச் சத்தம் மூன்றும் தனித்தனி ட்ராக். பெயர்ப் பட்டைகள் மேலே தனி ட்ராக்கில், ஏனென்றால் சீஃப் கெஸ்ட் கடைசியில் மாறுவார் என்று எங்களுக்கு முன்பே தெரியும். பெயர், லோகோ, சத்தம் கூட்டல் குறைத்தல் எல்லாம் உடனே முடியும். பாட்டும் ஷாட் வரிசையும் அப்படி முடியாது. செலவு மாற்றத்தின் அளவில் இல்லை, அது டைம்லைனில் எங்கே கை வைக்கிறது என்பதில் இருக்கிறது.

லோகோவும்தான் எப்படி வருகிறது? வாட்ஸ்அப்பில், வெள்ளைப் பின்னணியோடு, யாரோ எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டாக.

ரிலே ஃபைனலுக்குப் பத்து நிமிடம் முன்னால் "இன்னும் ஒரு நூறு மீட்டர் சேர்த்துக்குங்க, சின்ன சேஞ்ச்தான்" என்று பி.டி. சாரிடம் சொல்லிப் பாருங்கள்.

வீடியோ முடிவில் அந்த எடிட்டர் தம்பி பெயர் இரண்டு நொடி வரும். கடைசி கரெக்‌ஷனில் அதையும் தூக்கச் சொன்னார்கள், நீளமாம். "ரெண்டு பக்கமும் தப்பு" என்று கமென்டில் எழுதப் போகிறவர்கள், அவனுக்கு மிச்சப் பணம் எப்போது வரும் என்றும் அங்கே கேட்டுச் சொல்லுங்கள்.