‘பிரஷர் சரியாகிவிட்டது அண்ணாச்சி’

முக்கூடல் பக்கம் நான் மருந்துக்கடை வைத்து 22 ஆண்டுகள் ஆகின்றன. கடையில் அதிகம் போவது காய்ச்சல் மாத்திரை அல்ல, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள்தான். வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றும் பெண்கள். இந்த மாத்திரை எதற்கு என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று” என்பார்கள். எதற்கு என்ற கேள்விக்கு எப்போது என்று பதில் வருகிறது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்கா மாதந்தோறும் வந்து பிரஷர் மாத்திரை வாங்குவார். ஐம்பது வயது இருக்கும். ஒருநாள் சிரித்துக்கொண்டே, “பிரஷர் சரியாகிவிட்டது அண்ணாச்சி, பார்த்தார்களாம், 120க்கு 80தான் இருக்கிறதாம், இனி மாத்திரை வேண்டாம்” என்றார். கடையில் கூட்டம். நல்லது அக்கா என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் சீட்டு வாங்கினேன். அந்த ‘நல்லது அக்கா’வை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, வீட்டு நடையில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. வந்தது பக்கவாதம். வீட்டார் வாதப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்க்கக் கொண்டுபோனார்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தது மறுநாள். மூளைக்குப் போகும் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. ஸ்கேன் பார்த்து, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். 108க்கு அழைத்திருந்தால் நேரத்தோடு போய்ச் சேர்ந்திருக்கலாம். உயிர் பிழைத்தார். வலது கை திரும்பவில்லை. பீடி சுற்றிப் பிழைக்கிறவருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்?

மாத்திரை சாப்பிட்டதால்தான் 120க்கு 80 வந்தது. பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் சில வாரங்களில் தீர்ந்துபோவதல்ல, நாள்தோறும் பிடித்து வைத்திருக்க வேண்டியது. அழுத்தம் 140க்கு 90 என்ற எல்லையைத் தாண்டிக்கொண்டே இருந்தாலும் தலைவலியோ மயக்கமோ வரவேண்டும் என்பதில்லை. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். மருத்துவர் சொல்லவில்லை, அளந்து பார்த்தவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் மருந்தாளுநரின் வேலை என்று 2015இல் வந்த மருந்தாளுநர் நடைமுறை விதிகளே சொல்கின்றன. படித்துத் தேறிய நான் அட்டையைக் கிழித்துக் கொடுப்பதோடு நின்றிருந்தேன்.

இதைப் பேசினால், “அவர்களுக்குச் சொன்னால் புரியாது” என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வாங்கிய இலைக்கும் தூளுக்கும் எத்தனை பீடி வரவேண்டும், பீடிக் கடையில் எத்தனையைக் கழித்தார்கள், ஆயிரத்துக்கு என்ன கூலி, எவ்வளவு பாக்கி என்று மனக்கணக்காகச் சொல்லும் பெண்கள் இவர்கள். கழிவு கூடினால் நேருக்கு நேர் நின்று கேட்பார்கள். இவர்களுக்கா 140க்கு 90 புரியாது? மருத்துவர்களின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். மூன்று மணி நேரத்தில் நூறு டோக்கன் என்றால் தலைக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லாமல் விட்டதற்குப் பின்னால் நோயாளியின் குடும்பமே ஆண்டுக்கணக்கில் விலை கொடுக்கிறது.

சொல்லாத இடத்தில் வேறு பேச்சுகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ஒன்று. கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரையும் இரத்த அழுத்தமும். கருப்பட்டிக் காப்பி குடித்தால் சர்க்கரை ஏறாது என்பது இன்னொன்று. பனைக்கு நான் எதிரியல்ல, ஆனால் கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான், ஏறும். இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்ற பயம் எல்லாவற்றையும்விடக் கொடியது. 1922இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டு உயிர் காத்த மருந்து அது. நூறு ஆண்டு கழித்தும் நம் ஊரில் அதை எமனுடைய ஓலையாகப் பார்க்கிறார்கள்.

ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மாத்திரை உண்டு என்பதையும் யாரும் சொல்வதில்லை. பிரஷருக்கான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். அதே பிரஷருக்கான எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் குறையும். இது தெரியாதவர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார். தெரிந்தவர் மருத்துவரிடம் போய் மாற்றித் தரக் கேட்கிறார். நாள் முழுதும் குனிந்து பீடி சுற்றி முதுகு கடுக்கிறவர்கள் வலி மாத்திரையை மிட்டாய்போலச் சாப்பிடுகிறார்கள். அதே மாத்திரை இரத்த அழுத்தத்தை ஏற்றும், நாளடைவில் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று சொன்னபோது ஓர் ஆச்சி என்னை அதிர்ந்து பார்த்தார். அவர் பிரஷர் மாத்திரையையும் வலி மாத்திரையையும் சேர்த்துத்தான் ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபிறகு பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அளந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். நான் மனதாரப் பாராட்டும் திட்டம். என் வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சகோதரிகளிடம் ஒன்றே கேட்கிறேன். அளவு நன்றாக இருந்தால், ‘நன்றாக இருக்கிறது’ என்பதோடு ‘மாத்திரையால் நன்றாக இருக்கிறது’ என்றும் சொல்லுங்கள்.

நான் இப்போது ஒவ்வொரு உறையிலும் தமிழில் எழுதுகிறேன்: எதற்கு, எத்தனை நாள், நிறுத்தினால் என்ன ஆகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைகிறேன். பிறகு, “அக்கா, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்” என்பேன். முதலில் கூச்சப்பட்டார்கள். இப்போது அடுத்து நிற்பவருக்கும் சேர்த்தே சொல்கிறார்கள். வரிசை கொஞ்சம் நீளுகிறது, சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

கை விழுந்துபோன அந்த அக்காவின் மகள் போன மாதம் மருத்துவர் சீட்டோடு வந்தாள். அவளுக்கும் பிரஷர், வயது முப்பத்து நான்குதான். வழக்கம்போல் உறையை எடுத்து எழுதத் தொடங்கினேன். “நிறுத்தினால் என்ன ஆகும் என்று மட்டும் எழுத வேண்டாம் அண்ணாச்சி, அது வீட்டில் இருக்கிறது” என்றாள். மீதி இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.