சேஸிஸ் எண் மட்டும் போதாது

மண் தரைக் கொட்டகையில் கிடந்த பழைய பந்தயக் காரை நீங்கள் மீட்ட கதையை ஒரே மூச்சில் படித்தேன். ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. சேஸிஸ், அதாவது காரின் அடிச்சட்டத்தில் பொருத்திய தகட்டில் உள்ள எண்ணை வைத்தே இது எந்தக் கார் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அந்தக் காலத்து அணிகள் எல்லை தாண்டும்போது சுங்கக் காகிதத்தோடு பொருந்துவதற்காகத் தகடுகளைக் கழற்றி வேறு காரில் மாட்டியதுண்டு. தகட்டைவிட, பழைய புகைப்படங்களில் தெரியும் ரிவெட் ஆணி வரிசை, வெல்டிங் தழும்பு, அவசரத்தில் போட்ட துளை இவைதான் நம்பகமான சாட்சி.

இன்னொன்று, பெயின்ட்டை முழுக்கச் சுரண்டிவிடாதீர்கள். ஓர் ஓரத்தில் மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புக்காகிதத்தால் மெல்லத் தேய்த்தால் அடுக்கடுக்காகப் பழைய நிறங்களும், சில சமயம் பந்தய எண்ணும் வெளியே வரும்.

1929, 1930 இரண்டு ஆண்டுகளும் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி கார் 'ஓல்ட் நம்பர் ஒன்' நினைவுக்கு வருகிறது. பின்னாளில் அதன் பாகங்கள் பெரும்பாலும் மாறிவிட்டன. அசல்தானா என்ற வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம் வரை போய், வரலாறு அறுபடாமல் தொடர்வதால் அசலே என்று 1990-இல் தீர்ப்பானது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது.

அப்புறம், மெக்னீசியம் சக்கரங்களை விரிசல் சோதனை செய்யாமல் ஓட்டிவிடாதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே அரித்திருக்கும்.