தடுப்பணையில் தண்ணீர் நிற்கிறது, கிணற்றில் ஏன் ஏறவில்லை?

மழைக்காலம் வந்தால் நம் வேலூர்ப் பக்கம் தடுப்பணை நிரம்பி வழியும் படங்கள் நிறைய வரும். பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அணையை ஒட்டிய கிணறுகளில் எத்தனை அடி ஏறியது என்று யாரும் படம் போடுவதில்லை. என் கவலை அதைப் பற்றித்தான்.

ஜவ்வாதுமலை அடிவாரத்தில், ஒடுகத்தூர், அமிர்தி பக்கத்துக் கானாறுகளில் கூழாங்கல், சரளை, மணல் எல்லாம் கலந்து கிடக்கும். நாம் பார்ப்பது மேலே ஓடும் தண்ணீரை. கற்களின் இடுக்குகளுக்குள்ளும் தண்ணீர் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது, கிணற்றுக்குப் போகும் வழியும் அதுதான். நுண்ணிய வண்டலும் களியும் அந்த இடுக்குகளில் புகுந்து அடைத்துக்கொண்டால் வழி போச்சு.

எவ்வளவு அடைத்தால் கெடும்? கொஞ்சமே போதும். அலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடிகட்டும் மணலை ஆராய்ந்து ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். மணல் எவ்வளவு தண்ணீர் விடும் என்பது, எடையில் பத்து சதவீதமாக இருக்கும் பொடித் துகளின் அளவைப் பொறுத்தது, அதுவும் இருமடியாக. அந்தத் துகள் பத்து மடங்கு சிறுத்தால், நீர் இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். மீதியெல்லாம் பெரிய துகளாக இருந்தும் பயனில்லை.

தடுப்பணை இதில் ஒரு சிக்கலைக் கூட்டுகிறது. 0.002 மில்லிமீட்டர் களித் துகள் அசையாத நீரில் ஒரு அடி இறங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஓடுகிற நீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். நாம் நீரை நிறுத்துகிறோம், களி நிதானமாகப் படிகிறது. நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போய்விட்டதால், இறங்குகிற நீர் அந்தக் களியையும் இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. கீழிருந்து ஊற்று மேலே வந்த காலத்தில் அதுவே இடுக்கைக் கழுவிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளம் வந்து கற்களையே புரட்டினால் களி வெளியேறும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்தது போன்ற வெள்ளத்தை நம்பி ஒவ்வொரு வருடமும் உட்கார்ந்திருக்க முடியுமா?

தடுப்பணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டியதோடு கைகழுவுவதுதான் தவறு. கோடையில் படுகை காய்ந்து, மேலே களி பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது அந்த அடுக்கை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். வண்டல் வயலுக்கு ஆகும், விவசாயிகள் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தூர்வாருகிறோம் என்று பொக்லைனை இறக்கிச் சரளையையும் மணலையும் சேர்த்து அள்ளினால், தண்ணீரை வாங்குகிற படுகையையே அள்ளிவிடுகிறோம். அப்புறம் மலைச்சரிவில் வரப்பும் புல்லும் இருந்தால் மண் கீழே வருவதே குறையும். அதையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

அடுத்த கிராம சபையில் எங்கள் ஊர்த் தடுப்பணைக்கு இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன்: வருடா வருடம் பங்குனி, சித்திரையில் களி சுரண்டும் வேலை, அணையை ஒட்டிய கிணறுகளின் நீர்மட்டத்தை மழைக்கு முன்னும் பின்னும் குறித்து வைப்பது. அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து நண்பர்களும் உங்கள் ஊரில் கேளுங்கள்.